முதலில் உள்ளங்கால், கடைசியில் தியானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனக்கலக்கம், பிரமை, தன்னை மறந்த நிலை ஆகியவற்றுக்கான ஆயுர்வேதக் குறிப்புகள் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. இரவில் பாலில் ஜாதிக்காய் போடுங்கள், அமுக்கரா சாப்பிடுங்கள், பிரமி நெய் எடுங்கள், கண்ணை மூடித் தியானம் செய்யுங்கள் என்று நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்ற விவரம் இருப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை இல்லாததுதான். இந்த நோயில் வரிசை மாறினால் நல்ல மருந்தும் கெடுதல் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆயுர்வேத மருத்துவம் பார்க்கிற நாங்கள் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவது அந்த வரிசையைச் சொல்லத்தான்.

எந்த நிலையைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறோம். மனநல மருத்துவர்கள் டிசோசியேஷன் என்பார்கள். தன்னிலை விலகல் என்று தமிழில் சொல்லலாம். ஊர்ப்பக்கம் இதற்குப் பெயர் கிடையாது, வருணனைதான் உண்டு. "எங்கியோ இருந்து என்னய நானே பாக்கற மாதிரி இருக்குதுங்க", "கை என்னுதுதான், ஆனா என்னுது மாதிரி தெரியல", "எதிர்ல பேசறவங்க பேச்சு தூரத்துல கேக்குது" என்பார் நோயாளி. வீட்டார் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: "வெறிச்சிப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கா, கூப்பிட்டா காதுல ஏற மாட்டேங்குது." எங்கே போனோம், எப்படிப் போனோம் என்ற நினைவே இல்லாமல் வேறு ஊர் பேருந்து நிலையத்தில் விழித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு.

ஆயுர்வேத நூல்களில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் கிடையாது. சரகர் பெயரில் வழங்கும் பழைய நூலான சரக சம்ஹிதை உன்மாதத்தை (பைத்திய நிலையை) விளக்கும்போது எட்டு விஷயங்கள் தடுமாறுவதாகச் சொல்கிறது: மனம், புத்தி, சம்ஞை (நான் யார், எங்கே இருக்கிறேன் என்ற உணர்வு), நினைவு, விருப்பம், சுபாவம், உடற்செயல், ஒழுக்கம். தன்னிலை விலகலில் பெரும்பாலும் மூன்றாவதும் நான்காவதும்தான் ஆட்டம் காணும். புத்தி தெளிவாகவே இருக்கும். "எனக்கு என்னமோ ஆகுதுன்னு எனக்கே தெரியுது" என்று நோயாளியே சொல்வார். ஆகவே இதை முழு உன்மாதம் என்று முத்திரை குத்தி, கடும் சோதனமும் (பேதி, வாந்தி வழியாகச் சுத்தி செய்வது) கடும் மருந்தும் தொடங்குவது தவறு. இழுப்பு மாதிரி வந்தால் அபதந்திரகத்தோடும், வேறு ஆளாக மாறிப் பேசினால் பூதோன்மாதத்தோடும் சில குறிகள் ஒத்துப்போகும். பெயர் எதுவானாலும் அடியில் இருப்பது வாதம். வாதம் என்றதும் பக்கவாதத்தை நினைக்க வேண்டாம். உடலில் அசைவுள்ளது எல்லாவற்றையும் நடத்துகிற வாயுவைத்தான் வாதம் என்கிறோம். மனத்தை ஓட்டுவதும் அடக்குவதும் அந்த வாயுதான் என்று சரகர் சொல்கிறார்.

அந்த வாயுவுக்கு ஆறு குணம்: வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, நுண்மை, அசைவு. தன்னிலை விலகிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். உள்ளங்கை சில்லென்றிருக்கும். உதடு காய்ந்திருக்கும். மலம் இரண்டு மூன்று நாளாகப் போயிருக்காது. "ஒடம்பு காத்துல மெதக்கற மாதிரி இருக்குது" என்பார். இந்தக் குணங்களைக் கூட்டுவதற்கு நம் பகுதியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட், பெங்களூருக் கட்டட வேலைக்குப் போய்த் தகரக் கொட்டகையில் பாதித் தூக்கம், வழியில் கழிப்பறை இல்லாததால் காலை முதல் மாலை வரை சிறுநீரை அடக்கும் பெண்கள், வெறும் வயிற்றில் நாலைந்து டீ. இவற்றுக்கெல்லாம் மேலே அச்சம். பதினாறு வயதில் கழுத்தில் தாலி ஏறியவளுக்கும், குடித்துவிட்டு வரும் ஆளின் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும் உடம்பை விட்டு மனம் விலகிக்கொள்வது ஒரு தற்காப்பு. தாங்க முடியாததைத் தாங்க மனம் கண்டுபிடித்த வழி அது. இதை மருத்துவர் மறந்துவிட்டு மருந்துச்சீட்டு எழுதினால் எந்தத் தைலமும் எடுபடாது.

வரிசையில் முதல் படி, பரிசோதனை. ஆயுர்வேத மருத்துவர் எழுதும் கடிதத்தில் இது முதலில் வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மூளையின் பொட்டுப் பகுதியிலிருந்து வரும் வலிப்பில் கை கால் வெட்டாது. ஆள் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், சேலை முந்தானையையோ சட்டைப் பொத்தானையோ திருகுவார், பிறகு சிறிது நேரம் குழம்பிப்போய் இருப்பார். பார்க்கிறவர்களுக்குத் தன்னிலை விலகல் மாதிரியே தெரியும். தன்னிலை விலகலில் வரும் மயக்கம் பெரும்பாலும் அதைவிட நீளும், கண் மூடியிருக்கும், கூடிக் குறையும். ஆனால் எந்த ஒரு குறியை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டப் பதிவு), ரத்தச் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். வயதானவர் திடீரென்று குழம்பினால் சோடியம் குறைந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டது, காய்ச்சல், குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாள், கஞ்சா ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். வலிப்பு என்று தெரிந்தால் கற்பூரம், யூகலிப்டஸ் சேர்ந்த தைலத்தைத் தலையிலும் மூக்கிலும் போடக் கூடாது. அவை வலிப்பைத் தூண்டும்.

இரண்டாவது படி, உள்ளங்கால். வாதத்தின் குணங்களுக்கு எதிர்க்குணம் நெய்ப்பு, கனம், சூடு, மழமழப்பு, நிலைப்பு. இவ்வளவும் ஒரே வேலையில் கிடைப்பது காலுக்கு எண்ணெய் தேய்ப்பதில்தான். செக்கு நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி, இரண்டு காலுக்கும் போதும். க்ஷீரபலா தைலம் கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிற்க வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் காந்திவிடும், சூடும் நிதானம் தப்பும். இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் தேய்க்க வேண்டும். கணுக்காலிலிருந்து கீழ்நோக்கி, குதிகாலைக் கைக்குள் அடக்கிப் பிடித்து, கட்டை விரலால் உள்ளங்கால் நடுவில் அழுத்தி, ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு, ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். லேசாகத் தடவினால் கூச்சம் ஏற்பட்டு மனம் இன்னும் விலகும். அழுத்தம் வேண்டும், வேகம் கூடாது. கண் திறந்திருக்கட்டும். "இப்ப எந்த விரலப் புடிச்சிருக்கேன், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டபடி தேய்த்தால் அதுவே பாதி வைத்தியம். முடிந்ததும் துணியால் துடைத்து, பழைய பருத்தி சாக்ஸ் போட்டுவிடுங்கள். எண்ணெய்க் காலோடு பாத்ரூம் போய் வழுக்கி விழுவதுதான் இதில் நடக்கிற ஒரே விபத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிறர் தொட்டதால் காயப்பட்ட ஒருவருக்குத் தொடுதலே அந்தப் பழைய நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடலாம். கேட்காமல் தொடாதீர்கள். அவரே தன் கையால் தன் காலுக்குத் தேய்த்துக்கொள்ளட்டும், பலன் குறையாது.

இரண்டு மூன்று வாரம் இதிலேயே தூக்கம் பிடிபட்டால் உடம்பு முழுக்க எண்ணெய்க் குளியலுக்குப் போகலாம். வாரத்துக்கு இரண்டு முறை, பெரியவர்களுக்கு 50 முதல் 75 மில்லி நல்லெண்ணெய், 20 நிமிடம். தலை, காது, பாதம் மூன்றும் விடுபடக் கூடாது. கழுத்துக்குக் கீழே வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பு மட்டும். தலைக்கு வெந்நீர் ஊற்றினால் கண்ணுக்கும் முடிக்கும் பலம் குறையும் என்று அஷ்டாங்க ஹிருதயம் தெளிவாகச் சொல்கிறது. நம் பக்கத்தில் அரப்புத்தூள்தான் வழக்கம். அது நன்றாக எண்ணெய் எடுக்கும், ஆனால் வறட்சியும் தரும். தலைக்கு வடிகஞ்சியில் குழைத்த அரப்பு, உடம்புக்குப் பச்சைப்பயறு மாவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், செரியாமை, சளி இருக்கும் நாளில் எண்ணெய் வேண்டாம்.

ஒகேனக்கல் எண்ணெய்க் குளியலைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. அங்கே தேய்த்துவிடும் தொழிலாளிகளின் கைவாகு உடல் அசதிக்கும் சுளுக்குக்கும் உயர்ந்த வைத்தியம். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தன்னிலை விலகல் உள்ளவருக்கு அந்த இடம் பொருந்தாது. தட்டியும் குத்தியும் வேகமாகத் தேய்க்கும் முறை அது. தேய்த்த சூட்டோடு அருவிக் குளிரில் நிற்பது, காதை அடைக்கும் இரைச்சல், வழுக்குப் பாறை, கீழே ஆறு என எல்லாமே வாதத்தைக் கிளப்புபவை. அந்த நேரத்தில் நினைவு விலகினால் உயிருக்கே ஆபத்து.

சாப்பாடு விஷயத்தில் எங்கள் ஊர் உணவைக் குறை சொல்ல மனம் வரவில்லை, குறை சொல்லவும் வேண்டியதில்லை. சிறுதானியங்களை வறட்சி உள்ளவை, வாதத்தைக் கூட்டுபவை என்றுதான் நூல்கள் வகைப்படுத்துகின்றன. அதற்காக ராகியையும் சாமையையும் விட்டுவிட வேண்டாம், நெய்ப்போடு சாப்பிட்டால் போதும். சூடான ராகிக் களி ஒரு உருண்டை, நடுவில் குழி செய்து ஒரு தேக்கரண்டி நெய், தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல். இது மதியத்துக்கு நல்ல சாப்பாடு. அவரைக்கொட்டை, மொச்சைக் காலத்தில் அவற்றை இரவில் தவிர்த்து, பகலில் பூண்டும் பெருங்காயமும் சேர்த்துச் சமைக்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மார்கழிக் குளிரில் புளித்த கூழை விடியற்காலை குடிப்பது இந்த நோய்க்கு ஆகாது. அதையே சூடான கஞ்சியாக்கிச் சுக்கு சேர்த்துக் குடிக்கலாம். மூன்று வேளையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பட்டினி விரதம் நோய் தீரும் வரை வேண்டாம். நேர்த்திக்கடன் இருந்தால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருக்கலாம். டீ, காபி பகல் இரண்டு மணிக்குப் பிறகு கூடாது. காஃபின் கூட்டும் படபடப்பு, விலகல் உணர்வுக்கு நேரான வழி.

மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்கள், வாதத்தின் இருப்பிடமே பெருங்குடல்தான். பத்து உலர் திராட்சையை ஊறவைத்துக் காலையில் சாப்பிடுவது, போதாவிட்டால் இரவில் 3 கிராம் திரிபலா வெந்நீரில். "வயித்தக் கழுவுனா புத்தி தெளியும்" என்று விளக்கெண்ணெய்ப் பேதி கொடுப்பதைப் பார்க்கிறோம். நாலைந்து முறை போன அன்றைக்கு உடம்பு லேசாகி, வறண்டு, மறுநாள் விலகல் இரட்டிப்பாகும்.

ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு நூலிலேயே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. இரவு கண் விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் சாப்பிடும் முன் தூங்க வேண்டும். எட்டு மணி நேர நைட் ஷிஃப்ட் என்றால் வந்ததும் நான்கு மணி நேரம், இருட்டாக்கிய அறையில். பசித்தால் கொஞ்சம் சூடான பால் மட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் மந்தமாகும், எழும்போது எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழிப்பார்கள்.

இனி அந்த ஜாதிக்காய்க்கு வருகிறோம். தூக்கத்துக்கு ஜாதிக்காய் நல்லதுதான், அளவுதான் உயிர். 150 மில்லி பாலுக்குக் கத்தி நுனியில் எடுத்த தூள், கால் கிராம், போதும். கால் கிராமில் வராத தூக்கம் ஒரு தேக்கரண்டியில் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு தேக்கரண்டித் தூளிலேயே வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, இல்லாதது தெரிந்து, உடம்பு தன்னுடையதாகவே தோன்றாமல் ஒரு நாள் முழுக்கக் கிடப்பார்கள். எந்த நோய்க்கு மருந்து என்று கொடுத்தோமோ, அதையே உண்டாக்கிய கதை ஆகிவிடும். அளவு போடாமல் இந்தக் குறிப்பை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது படிதான் மருந்து. அமுக்கராக் கிழங்குத் தூள் 3 கிராம், சூடான பாலில், இரவு உணவுக்குப் பின், ஆறு முதல் எட்டு வாரம். கிழங்கு மட்டும், இலை கலந்த தூள் வேண்டாம். தைராய்டு சுரப்பு கூடியவர்கள், கர்ப்பிணிகள், ஈரல் நோயாளிகள் எடுக்கக் கூடாது. உடம்பு அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கடும் நிறம் என்று ஏதாவது தென்பட்டால் அன்றே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் கூடும்.

கல்யாணக கிருதம் 28 மூலிகைகள் சேர்ந்த நெய், மனநோய்களுக்கு நூல்கள் சொல்லும் முக்கியமான மருந்து. அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, செரித்தால் ஒன்று, பிறகு இரண்டு தேக்கரண்டி வரை. காலை வெறும் வயிற்றில் உருக்கிக் குடித்து, மேலே வெந்நீர். நன்றாகப் பசி எடுத்த பிறகுதான் காலைச் சாப்பாடு. இதில் நடக்கும் தவறுகள் மூன்று. பசியில்லாத வயிற்றில் தொடங்குவது முதல் தவறு. நாக்கில் வெள்ளைப் படிவு இருந்தால் முதல் மூன்று நாள் சுக்குவெந்நீர் கொடுத்துப் பசியை எழுப்பிவிட்டுத்தான் நெய் கொடுக்க வேண்டும். நெய் குடித்த கையோடு குளிர்ந்த தண்ணீர் குடிப்பது இரண்டாவது. வயிறு கனத்து, குமட்டும். பித்தப்பைக் கல், கொழுப்பு கூடியவர்களுக்கும் கேட்காமல் கொடுப்பது மூன்றாவது.

பிரமி என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு சரக்கு வரும். கேரள வழக்கில் அது நீர்ப்பிரமி, வடநாட்டில் பல இடங்களில் வல்லாரை. இரண்டும் புத்திக்கு நல்லவை என்றாலும் ஒன்றல்ல. நீர்ப்பிரமி வெறும் வயிற்றில் குமட்டலும் பேதியும் தரும், நாடித்துடிப்பையும் குறைக்கும். வல்லாரைச் சாறு அளவு மீறினால் தலைவலி வரும். டப்பாவில் தாவரப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். சாரஸ்வதாரிஷ்டம் 15 மில்லி, சம அளவு தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின் என்பது வழக்கம். ஆனால் அது புளிக்கவைத்த மருந்து, தானே ஊறிய சாராயம் அதில் உண்டு. குடியை நிறுத்தி டைசல்ஃபிராம் மாத்திரையில் இருப்பவருக்குக் கொடுத்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். மானசமித்ர வடகத்தில் உலோகப் பற்பங்கள் சேர்கின்றன. ஸ்மிருதி சாகர ரசத்தில் பாதரசமும், ஆர்செனிக் உள்ள தாளகமும் மனோசிலையும் சேர்கின்றன. பின்னதை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. சர்ப்பகந்தா என்ற மூலிகை வேரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படும் என்று கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கொந்தளிப்புள்ள உன்மாதத்துக்கான மருந்து அது. உள்ளே மனச்சோர்வோடு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ரெசர்பின் ஆகாது, சோர்வை ஆழமாக்கும். "மனசுக்குன்னு குடுத்தாங்க" என்று நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஆயுர்வேதம் தொடங்கிய அன்றே நிறுத்துவது நாங்கள் அஞ்சுகிற தவறுகளில் பெரியது. குளோனசெபாம் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரும். "ரெண்டு மணி நேரம் எடவெளி விட்டா போதும்" என்பதும் முழு உண்மையல்ல. சங்கபுஷ்பி சேர்ந்த மருந்து, வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயினின் அளவை ரத்தத்தில் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பை மீண்டும் கொண்டுவரும். மிளகு, திப்பிலி அதே ஃபெனிடாயினைக் கூட்டிவிடும். இவை ஈரலிலும் குடலிலும் நடக்கிற வேலை, கடிகார இடைவெளி காப்பாற்றாது. இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு மருந்துச்சீட்டும் தெரிய வேண்டும்.

நெற்றியில் தாரையாகத் தைலம் ஊற்றும் சிரோதாரையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தைலம், நெற்றிக்கு நான்கு விரல்கடை உயரத்திலிருந்து, சுண்டுவிரல் கனத்தில், 30 முதல் 45 நிமிடம், ஏழு நாள். முதல் மூன்று நாளுக்கு ஒரு பாதி எண்ணெய், அடுத்த மூன்று நாளுக்கு மறு பாதி, ஏழாம் நாள் இரண்டையும் கலந்து ஊற்றிவிட்டுக் கொட்டிவிடுவது மரபு. உயரம் கூடினால் தலை சுற்றும், எண்ணெய் ஆறினால் தலைவலியும் சளியும் பிடிக்கும். முடிந்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்து, தலையில் துண்டு கட்டி, ஆட்டோவில் அனுப்ப வேண்டும். டூவீலர் காற்று ஆகாது. இருட்டறை, கண்மேல் பஞ்சு, அசையாமல் படு என்பதுதான் எல்லா இடத்திலும் நடைமுறை. தன்னிலை விலகலில் இதை மாற்றியே ஆக வேண்டும். கண்ணை மூடிப் படுக்க வைத்து அசையாதே என்று சொல்வது அவர்களுடைய பழைய பயத்தை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுவதாகும். புருவத்துக்கு மேல் துணித்திரியைக் கட்டினால் எண்ணெய் கண்ணில் இறங்காது, கண் திறந்தே இருக்கலாம். விளக்கு எரியட்டும், கதவு ஒருக்களித்திருக்கட்டும், வீட்டுப் பெண் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். கை தூக்கினால் தாரை நிற்கும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதற்கு இணங்காத இடத்தில் சிரோதாரை வேண்டாம்.

கடைசிப் படி, மனத்துக்கான பயிற்சி. சத்துவாவஜயம் என்று சரகர் பெயரிட்ட சிகிச்சை இது. கெடுதலான விஷயங்களிலிருந்து மனத்தைத் திருப்பி நிறுத்துவது. மனநோய்க்கு மருந்தாக அறிவு, தெளிவு, தைரியம், நினைவு, சமாதி என்று அவர் சொல்கிற ஐந்தில் சமாதி ஐந்தாவதாக வருகிறது. இன்று எல்லோரும் அங்கேயே தொடங்குகிறார்கள். ஏற்கெனவே உடம்பை விட்டு விலகி நிற்பவரைக் கண்ணை மூடி உள்ளே போ என்றால் அவர் இன்னும் தூரம் போய்விடுவார். கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேக மூச்சு கரியமில வாயுவைக் குறைத்து, விரல் மரத்து, சுற்றிலும் இருப்பது கனவு மாதிரி தோன்ற வைக்கும். பதிலாக, கண் திறந்தபடி, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, அடக்காமல், ஆறு எண்ணும் வரை விடுவது. ஐந்து நிமிடம் போதும். முணுமுணுவென்று ஒரு பாட்டை இழுப்பதும் இதே வேலையைச் செய்யும்.

விலகல் வந்த நேரத்தில் என்ன செய்வது? அடுப்பு, கிணறு, மாடிப்படி பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்தித் தரையில் உட்கார வையுங்கள். இரண்டு உள்ளங்காலும் தரையில் பதியட்டும். கையில் கனமான பித்தளைச் சொம்பைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். "இது நம்ம வீடு. மணி நாலு. இன்னைக்கு செவ்வாக்கெழம. நான் ஒன் அக்கா பேசறேன்" என்று ஒரே குரலில், அவசரமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். துளசி இலையைக் கசக்கி முகரக் கொடுக்கலாம். கன்னத்தில் அறைவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, மிளகாய்ப் புகை, சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். உன்மாதத்துக்கு அச்சமூட்டும் வைத்தியமும் நம் பழைய நூல்களில் இருக்கிறது; பல் பிடுங்கிய பாம்பைக் காட்டுவது, கட்டிவைத்து மிரட்டுவது வரைக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நூல்கள் ஆறுதல் சொல்வதையும் மருந்தாகச் சொல்கின்றன. பயத்தால் வந்த நோய்க்குப் பயத்தைக் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோயாளர் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகியதற்குப் பிறகு இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

சாமி வருவதை நாங்கள் நோய் என்று சொல்லவில்லை. திருவிழாவில், பம்பைச் சத்தத்தில், ஊர் கூடி நிற்க வந்து, மலையேறியதும் அவர் பழையபடி வேலையைப் பார்த்தால் அது வழிபாடு. திருவிழா இல்லாத நாளில், வயலிலோ வகுப்பறையிலோ வந்து, பிறகு நினைவே இல்லாமல், உடம்பில் காயத்தோடு, மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும். பூசாரியிடம் போவதைத் தடுக்க வேண்டாம், இரண்டும் நடக்கட்டும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓசூருக்கு எட்டும் தூரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆயுர்வேதமும் நவீன மனநல மருத்துவமும் அங்கே ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. மேற்சொன்ன சட்டம், மனோரோகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவரையும் மனநல வல்லுநராக ஏற்கிறது. பெயர்ப்பலகையில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வலிப்பு, ஹிஸ்டீரியா, பைத்தியம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மாய மருந்துகள் சட்டம் தடுக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரங்களை எந்த நாளிதழும், தங்கள் இதழ் உட்பட, ஏற்க வேண்டாம் என்று வேண்டுகிறோம். மருத்துவக் குறிப்பு போடும்போது அளவு, நாள், யாருக்கு ஆகாது ஆகிய மூன்றையும் சேர்த்தே போடுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு குறிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் மனநல உதவிக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற மூன்று எண்களும் வாரம் தவறாமல் வரட்டும்.

இப்படிக்கு,
ஆயுர்வேத மருத்துவர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.